இனிப்புக்கு நாள் குறித்த ஊர்கள்

மார்கழி பிறந்ததும் நெய்யும் பாலும் வேண்டாம் என்று விலக்கி வைப்பதில்தான் திருப்பாவை நோன்பு தொடங்குகிறது. 27ஆம் நாள் கூடாரவல்லி. அன்று ஓதும் பாசுரத்தில் பால்சோறும் நெய்யும் திரும்பி வருகின்றன, அதுவும் எல்லாரும் கூடியிருந்து உண்பதற்காக. இதைப் பாடிய ஆண்டாள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நாச்சியார் திருமொழியில் அவள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு பானை வெண்ணெயும் நூறு பானை அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டாள். அந்த நேர்த்தி நெடுங்காலம் வாக்காகவே நின்றது. பின்னாளில் ராமானுஜர் அழகர்கோவிலில் அதைச் செலுத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார், தன் வாக்கைக் காப்பாற்றியவரை ஆண்டாள் அண்ணா என்று அழைத்து வரவேற்றாள் என்று வைணவ மரபு சொல்கிறது. இன்றும் கூடாரவல்லியன்று பெருமாள் கோவில்களில் அரிசி, பாசிப்பருப்பு, பால், வெல்லம், நெய் சேர்த்து அக்காரவடிசில் செய்து படைக்கிறார்கள்.

இந்த வட்டாரத்து மக்கள் இனிப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை சாப்பிடுகிறார்கள், எதை விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று ஆராயப் புகுந்தால் தொடங்க வேண்டிய இடம் இதுதான். 26 நாள் இல்லாமல் இருந்து 27ஆம் நாள் உண்ட இனிப்பு அது. நூறு பானை என்பதால் ஊருக்கே போய்ச் சேர்ந்த இனிப்பும் கூட. இங்கே இனிப்புக்கு நாள் குறித்தது நாக்கு இல்லை, பஞ்சாங்கம். அந்த முறை இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எங்கே உடைந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு ஒரு விவசாய ஊரை எடுத்துக்கொள்வோம். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலைக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தேவதானம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோவில் உள்ள ஊர். சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை ஆகியவற்றோடு சேர்ந்து தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத்துக்கு உரியது என்று இதைச் சொல்வார்கள். மலையிலிருந்து சாஸ்தா கோவில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. நெல்லும் தென்னையும் கரும்பும் மாந்தோப்பும் உண்டு. இப்படிப்பட்ட விவசாய ஊரின் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் இனிப்பு வரும் நாட்களை எண்ணிவிடலாம்.

தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல். விநாயகர் சதுர்த்திக்குப் பூரணக் கொழுக்கட்டை. சரஸ்வதி பூசைக்குப் பொரியும் கடலையும் நாட்டுச் சர்க்கரையும். தீபாவளிக்கு அதிரசம், சுசியம், பாசிப்பயற்று உருண்டை. கார்த்திகைக்குப் பொரி உருண்டை. தெற்கே போகப் போகப் பனையோலைக்குள் மாவைப் பொதிந்து அவித்த ஓலைக் கொழுக்கட்டை. அம்மன் கோவில் பொங்கலுக்கு மாவிளக்கு. இதோடு வீட்டு நிகழ்ச்சிகள் சேரும்: கல்யாணம், காதுகுத்து, புதுமனை. ஆடிச்சீர், தீபாவளிச்சீர், பொங்கல்படி என்று பிறந்த வீட்டிலிருந்து மகளுக்குப் போகும் தட்டுகளிலும் பலகாரம் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வரும்.

இவற்றில் மாவிளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் உலர்த்தி, இடித்து, வெல்லத்தோடு பிசைந்து, நடுவில் குழி செய்து நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவார்கள். சாத்தூருக்குப் பக்கத்தில் உள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு ஆடி மாதக் கூட்டத்தில் போய்வந்தவர்கள் அந்த மாவின் வாசனையை மறக்க மாட்டார்கள். திரி எரிந்து முடிந்ததும் நெய்யில் ஊறி லேசாகக் கருகிய அந்த நடுப்பகுதிக்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அடுப்பில் ஏறாத இனிப்பு இது, எந்தக் கடையிலும் கிடைக்காது. பிடித்த இனிப்பு எது என்று யாரிடமாவது கேட்டால் மாவிளக்கின் பெயர் வராது. ஆனால் இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இனிப்பின் முதல் நினைவுகளில் ஒன்றாக அது இருக்கும். விருப்பத்தை அளக்கும் பட்டியல்கள் கடைச் சரக்கை மட்டுமே எண்ணும்போது இந்த மாதிரிப் பண்டங்கள் கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றன.

உளுந்தங்களியும் அப்படித்தான். பெண் பிள்ளை பெரியவளானதும் உளுந்து மாவும் பச்சரிசி மாவும் கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டி, உருண்டையின் நடுவில் குழி செய்து மேலும் எண்ணெய் விட்டுக் கொடுப்பது தென்மாவட்ட வழக்கம். இடுப்புக்கு வலு என்பார்கள். அதை இனிப்பு வகையில் யாரும் சேர்ப்பதில்லை, சத்து வகையில் சேர்ப்பார்கள். ஆனால் அதன் சுவை முழுக்க முழுக்கக் கருப்பட்டியின் சுவை.

நாள் குறித்ததற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. உழைப்பும் காரணம். அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து ஈரமாவாக இடிக்க வேண்டும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பதம் பார்க்க வேண்டும். பதம் முந்தினால் எண்ணெயில் பிரிந்து உதிர்ந்துவிடும், பிந்தினால் கல்லாகிவிடும். மாவும் பாகும் சேர்ந்து ஒன்றிரண்டு நாள் இருந்த பிறகுதான் தட்டிப் போட வேண்டும். வயல் வேலைக்கும் மில் வேலைக்கும் போய் வரும் பெண்கள் இதை வாரந்தோறும் செய்ய முடியாது. இனிப்பு அரிதாக இருந்தது நம் முன்னோரின் கட்டுப்பாட்டால் என்று பெருமை பேசுகிறவர்கள், அந்தக் கட்டுப்பாட்டின் பெரும்பகுதி பெண்களின் கைவலி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்குள் இனிப்பு எங்கே வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பியச் சாப்பாட்டில் எல்லாம் முடிந்து தட்டுகளை எடுத்த பிறகு இனிப்பு வரும். நம் விருந்து இலையில் ஓரத்தில் துளி பாயசமோ ஒரு லட்டோ முதலிலேயே விழுந்துவிடும். பாயசம் பரிமாறும் முறை ஊருக்கு ஊர் மாறும். தெற்கே ரசத்தை ஒட்டி இலையிலேயே ஊற்றி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, பழத்தைப் பிசைந்து உண்பவர்கள் உண்டு. அதன் பிறகும் மோர்ச்சோறு இருக்கிறது. விருந்தை முடித்து வைப்பது புளிப்பும் உப்பும்தான். அன்றாடச் சாப்பாட்டிலோ இனிப்புக்கு இடமே கிடையாது. அதனால் “வாரத்தில் எத்தனை முறை சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு உண்கிறீர்கள்” என்று மேல்நாட்டு உணவு ஆய்வுப் படிவத்தை அப்படியே இங்கே கொண்டு வந்தால் பெரும்பாலான வீடுகளில் சுழியம் என்றே நிரப்ப வேண்டி வரும். அந்தச் சுழியம் உண்மையாகவும் இருக்கும், தவறான முடிவுக்கும் இட்டுச் செல்லும். காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

கடை இனிப்பு நேற்று வந்ததில்லை. மதுரைக்காஞ்சி காட்டும் இரவு நேர மதுரையில் தேனடை போன்ற மெல்லிய அடைகளையும் மோதகங்களையும் விற்கும் வணிகர்கள் இருக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையிலும் பாகில் தோய்ந்த அப்பம் வருகிறது. நகரத்தில் காசிருந்தால் எந்த நாளும் இனிப்பு கிடைத்தது, கிராமத்தில் நாளுக்காகக் காத்திருந்தார்கள் என்று இரண்டு வழக்கமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. தேவதானம் போன்ற ஊருக்குக் கடை இனிப்பு வந்த பழைய வழி திருவிழாதான். வைகாசித் தேரோட்டத்தின்போது ஓலைப்பெட்டியோடும் தகரத் தட்டோடும் மிட்டாய்க் கடைகள் வரும். உளுந்தும் அரிசியும் அரைத்த மாவை எண்ணெயில் பிழிந்து, சீனிப் பாகிலோ கருப்பட்டிப் பாகிலோ முக்கி எடுத்த சீனி மிட்டாயும் கருப்பட்டி மிட்டாயும் விருதுநகர் மாவட்டத்தில் பெயர்பெற்றவை. கடித்தால் மொறுமொறுப்புக்குள்ளிருந்து பாகு ஒழுகும். பக்கத்திலேயே சாத்தூர்க் காராச்சேவு இருக்கும். ஒரு கை மிட்டாய்க்கு ஒரு கை சேவு என்று மாறி மாறித் தின்பதுதான் இந்தப் பக்கத்துப் பழக்கம். இனிப்பைத் தனியே தின்பதைவிடக் காரத்தோடு சேர்த்துத் தின்பதையே இந்த நாக்கு விரும்புகிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த வட்டாரம் என்றாலே பால்கோவாதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோவிலைச் சுற்றியும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் வரிசையாகக் கடைகள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடைத் தொழிலாக வேர்விட்டு, பிறகு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் செய்து விற்கத் தொடங்கிய பிறகு ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்முறையில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பால், சீனி, விறகு அடுப்பு, ஓயாத கை, அவ்வளவுதான். சுமார் 10 லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சீனி சேர்த்துக் கிண்டினால் ஏறக்குறைய 3 கிலோ பால்கோவா இறங்கும். பாலில் நீர் போக மிஞ்சும் திடப்பொருள் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்குதான், மற்றதில் பெரும்பகுதி ஆவியாகப் போக வேண்டும். அடி பிடிக்காமல் சுரண்டிக்கொண்டே இருப்பதால்தான் அந்த மணல்மணலான பக்குவம் வருகிறது. பாலின் புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிவதால் இளம்பழுப்பு நிறமும் காய்ந்த பாலின் மணமும் வருகின்றன. ஏலக்காயோ முந்திரியோ போட்டால் பாலின் ருசி மறைந்துவிடும் என்பார்கள், அது சரிதான். கூடிப்போனால் ஒரு வாரம் தாங்கும். அதைத் தாண்டித் தாங்கும் ஒன்றை யாராவது இந்த ஊர்ப் பெயரில் ரயிலிலும் பேருந்திலும் விற்றால் சந்தேகப்பட்டே வாங்க வேண்டும்.

ஆனால் பால்கோவாவை யார் சாப்பிடுகிறார்கள்? திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744 இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. குற்றாலச் சீசனுக்குப் போகிறவர்கள், கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்குப் போகும் ஐயப்பசாமிகள், ஆடிப்பூரத் தேருக்கு வருகிறவர்கள் எல்லாரும் இறங்கி வாங்குகிறார்கள். உள்ளூர்க்காரர் வாங்குவதும் பெரும்பாலும் வேறொருவருக்குக் கொடுக்கத்தான். சென்னையில் இருக்கும் மகனுக்கு, கோயம்புத்தூரில் இருக்கும் அக்காவுக்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் சித்தப்பாவைப் பார்க்கப் போகும்போது கால் கிலோ. ராஜபாளையத்திலும் தேவதானத்திலும் பால்கோவா கையில் வந்தால் யாரோ ஊருக்குப் போகிறார்கள் அல்லது யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொருள். பஞ்சாங்கம் குறித்த நாளின் இடத்தைப் பயணம் பிடித்திருக்கிறது. பகிர்ந்து கொடுக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஒரு பகல் பொழுதில் போய்வரும் தூரத்துக்குள் இவ்வளவு வேறுபட்ட இனிப்புகள் அமைந்த நிலம் தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். வடக்கே மதுரையில் ஜிகர்தண்டா. கிழக்கே கரிசல்காட்டில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. தெற்கே திருநெல்வேலி அல்வா, கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துச் சீனியும் நெய்யும் விட்டுக் கிண்டுவது. நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் மாலை நேரத்துக் கூட்டம் பெயர்பெற்றது. கடற்கரைப் பக்கம் தூத்துக்குடி மக்ரூன், முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் கலந்தது. உடன்குடிக் கருப்பட்டி. கொஞ்சம் தள்ளிக் கீழக்கரையில் தேங்காய்ப் பாலில் கிண்டும் தொதல், பெருநாளுக்கு வட்டலப்பம். கடல் வணிகத்தில் இலங்கையோடு பகிர்ந்துகொண்ட சுவைகள் இவை. இவற்றில் பலவும் தம் மண்ணில் மலிவாகக் கிடைத்த ஒன்றிலிருந்து பிறந்திருக்கின்றன, அல்லது துறைமுகத்தில் வந்து இறங்கியதிலிருந்து. மலையடிவாரத்தில் மேய்ச்சல் இருந்ததால் பால், கரிசலில் நிலக்கடலை, தேரிக்காட்டில் பனை.

இந்த வரிசையில் தேவதானத்துக்கு உரியது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் மாம்பழத்தைச் சொல்வேன். ராஜபாளையத்துச் சப்பட்டை இந்த மலையடிவாரத் தோப்புகளில் விளைவது. கோடையில் இரண்டு மூன்று மாதம் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு என்று ஒன்று தினமும் உண்டென்றால் அது பழம்தான். மாம்பழம் போனால் வாழைப்பழம். இதையும் இனிப்பு பற்றிய கணக்கெடுப்புகள் விட்டுவிடுகின்றன.

விரும்பப்படும் சுவையில் ஒரு மாற்றம் கண்முன்னே நடந்திருக்கிறது. கருப்பட்டியின் ருசியை அறிந்த தலைமுறைக்குச் சீனியின் இனிப்பு வெறுமையாகத் தோன்றும். சீனியில் வளர்ந்த பிள்ளைக்குக் கருப்பட்டியில் உப்பும் கசப்பும் தெரிகிறது. பனையேறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், நல்ல கருப்பட்டி விலை உயர்ந்த பண்டமாகிவிட்டது. 2021இல் தமிழ்நாடு அரசு முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனைக்குத் திட்டம் அறிவித்து, மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று சொன்னது நல்ல காரியம். நெடுஞ்சாலை ஓரங்களில் கருப்பட்டிக் காபிக் கடைகள் முளைத்திருப்பதும் மகிழ்ச்சி தருவதுதான். ஆனால் அது சர்க்கரை நோய்க்கு நல்லது என்று பலகை எழுதி வைப்பதை ஏற்க முடியாது. கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான். அதை அதன் ருசிக்காகக் கொண்டாடினால் போதும்.

இனி அந்தச் சுழியத்துக்கு வருவோம். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. தேசிய அளவு 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் இனிப்பு உண்ணும் மக்களுக்கு இது எப்படி வந்தது? வெள்ளை அரிசி மிகுந்த சாப்பாடு, குறைந்துபோன உடலுழைப்பு, பரம்பரை என்று காரணங்கள் பல. சீனியின் பங்கை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது வந்து சேர்ந்த பாதை மிட்டாய்க் கடை வழியாக இல்லை. டம்ளர் வழியாக.

காபி தமிழர் வாழ்வில் எவ்வளவு அண்மையில் நுழைந்தது, எவ்வளவு எதிர்ப்பைச் சந்தித்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ விரிவாகக் காட்டுகிறது. உழைப்பாளிகளிடம் டீ பரவியது அதற்கும் பிறகு. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கி, பிறகு ஆலைகள் பெருகி, ஷிப்ட் வேலை வந்தது. இரவு ஷிப்டுக்குத் தூக்கம் விரட்ட டீ, வயலுக்குப் போகும் முன் டீ, பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் பால்பன்னும் சுசியமும் நாள் கிழமை பாராமல் உட்கார்ந்தன. வீட்டுக்கு ரேஷன் சீனி வந்தது: உறுப்பினருக்கு அரைக் கிலோ, அட்டைக்கு 2 கிலோ வரை, விலை 2017 முதல் கிலோ 25 ரூபாய். அரசு தரும் பொங்கல் தொகுப்பிலும் பச்சரிசியோடு ஒரு கிலோ சீனி வருகிறது. அந்தச் சீனி பொங்கல் பானைக்குப் போவதைவிட டீப் பாத்திரத்துக்குப் போவதே அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டம்ளர் டீக்கு இரண்டு கரண்டி, அதாவது சுமார் 10 கிராம் சீனி என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு நாலு டீ குடிப்பவர் 40 கிராம் எடுத்துக்கொள்கிறார். மேலே சொன்ன அளவுப்படி 100 கிராம் பால்கோவாவில் சேர்ந்திருக்கும் சீனியும் கிட்டத்தட்ட அதே 40 கிராம்தான். தினமும் 100 கிராம் பால்கோவா தின்கிற ஆளை ஊரே கண்டிக்கும். நாலு டீ குடிக்கிற ஆளை யாரும் கண்டுகொள்வதில்லை. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்பது 2015இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டல். 2000 கலோரி உணவுக்கு அது 50 கிராம், 25 கிராம் என்று வரும். டீயிலேயே 40 போய்விட்டால், அதிரசத்துக்கும் மாவிளக்குக்கும் மிச்சம் என்ன இருக்கிறது?

இதில் எனக்கு வருத்தம் தருவது, சர்க்கரை நோய் வந்தவர்கள் முதலில் கைவிடுவது நாள் குறித்த இனிப்பைத்தான். பொங்கலன்று ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை வேண்டாம் என்று தள்ளி வைத்துவிட்டு, அரைச் சீனி போட்ட டீயை நாலு வேளையும் தொடர்கிற தாத்தாக்களும் ஆச்சிகளும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஆண்டுக்குச் சில முறை வரும் பிரசாதத்தால் பெரிய கேடு விளைவதில்லை, அன்றாடம் உள்ளே போவதுதான் கூடுகிறது. மருத்துவர் சொன்ன அளவுக்குள் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதைத் தெரிந்து தேர்ந்தெடுக்க நாம் உதவுவதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருகிறார்கள். தேவதானம் போன்ற ஊர்களில் உணவுப் பழக்கத்தை அறிய இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. அந்த வாசலில் நின்று “இனிப்பு சாப்பிடுவீங்களா ஆச்சி?” என்று கேட்டால் “நானா? நாள் கிழமைக்குத்தான் தாயீ” என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை டீ, கடையிலா வீட்டிலா, எத்தனை கரண்டி சீனி, ரேஷன் சீனி மாதத்தில் எந்தத் தேதியில் தீர்ந்துபோகிறது என்று கேட்க வேண்டும். டீக்கு எதைத் தொட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். இவற்றையெல்லாம் எழுதிக்கொண்ட பிறகு, போன வருசம் கோவிலுக்கு மாவிளக்கு எடுத்தீர்களா, அதை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்றும் ஒரு வரி சேர்த்துக் கேட்டால், தீபாவளிக்கு யார் வீட்டில் இன்னும் அதிரசம் சுடுகிறார்கள், பாகுப் பதம் யாருக்குத் தெரியும் என்பதும் அதே நோட்டில் பதிவாகிவிடும்.